தலைவர் மாறினாலும் பதிவேடு நிற்க வேண்டும்: ஓர் உழவுக் குதிரைச் சங்கம் தரும் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன், நாட்டு மாடு வளர்ப்போர் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் தீவனப் பயிர் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் தங்களுக்குள் வேறொரு விஷயத்தை வருத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தைப் பல ஆண்டுகள் தனி ஆளாக நடத்திய செயலாளர் அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். எந்தப் பசு எந்தக் காளைக்குச் சினையானது, அந்தக் கன்று யார் தொழுவத்துக்குப் போனது என்ற கணக்கு முழுவதும் அவர் எழுதி வைத்திருந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது. பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பழைய காகிதங்களோடு அந்த நோட்டுகளும் எடைக்குப் போய்விட்டன.

மாடுகள் தொழுவத்தில் நல்லபடியாகவே நின்றன. ஆனால் எது எதற்கு அண்ணன், எது எதற்கு மகள் என்று சொல்ல ஆள் இல்லை. விதைநெல் மூட்டைகளில் இருந்த அட்டைகளையெல்லாம் பிய்த்துப் போட்டதுபோல்தான் இது. பயிர் ரகத்தைக் காப்பதற்குச் சொல்லும் விதிகள் கால்நடை இனத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்பதால், பயிர் விஞ்ஞானியான நானும் இதை எழுதத் துணிகிறேன்.

நீங்கள் ஓர் இனக் கால்நடை வளர்ப்போர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம். அப்படி ஒரு சங்கம் தொடங்கும் எண்ணம் இருக்கலாம். எதுவானாலும், இங்கிலாந்தின் ஓர் உழவுக் குதிரைச் சங்கத்தின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

குதிரைக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

இங்கிலாந்தின் கிழக்கில் உள்ள சஃபோக் மாவட்டத்தில் விவசாயிகள் தங்கள் உழவுக்காகவே உருவாக்கிய இனம் சஃபோக் குதிரை. செவலை நிறம், குட்டையான தடித்த கால்கள், அகன்ற உடல். மற்ற கனரகக் குதிரைகளைப்போல் இதன் கணுக்காலில் அடர்ந்த முடி கிடையாது. அதனால் அந்தப் பகுதியின் களிமண்ணில் உழும்போது காலில் சேறு அவ்வளவாக ஒட்டுவதில்லை. விவசாயிகள் பெரும்பாலும் தங்கள் வேலைக்கே வளர்த்ததால் குதிரைகள் வெளியே அதிகம் விற்கப்படவில்லை. இனமும் கலப்பில்லாமல் நின்றது.

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் மாடுகள் உருவான விதமும் இதுதான். அந்தந்த மண்ணும் வேலையும் சேர்ந்து அவற்றை வடித்தன. டிராக்டர் வந்தபோது அவற்றுக்கு நேர்ந்தது சஃபோக் குதிரைக்கு முன்பே நேர்ந்துவிட்டது. நம் நாட்டுக் குதிரைகளின் நிலையும் நன்றாக இல்லை. 2019-ம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்துச் சுமார் 3.4 லட்சம்தான் இருந்தன. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட இது 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு.

ஒன்பது குட்டிகள்

சஃபோக் குதிரைச் சங்கம் 1877-ல் தொடங்கப்பட்டது. அப்போது குதிரைகளுக்குப் பஞ்சமில்லை. ஏரும் வண்டியும் குதிரையை நம்பியே இருந்தன. செழிப்பாக இருந்த அந்தக் காலத்திலேயே சங்கம் செய்த முதல் பெரிய வேலை, வம்சாவளிப் பதிவேடு தயாரித்தது. ஹெர்மன் பிடெல் என்பவர் தொகுத்த முதல் பதிவேடு 1880-ல் வெளியானது. இன்று உயிரோடு இருக்கும் எல்லா சஃபோக் குதிரைகளின் ஆண் வழியும், 1768-ல் பிறந்த ஒரே ஒரு பொலிக்குதிரையில் போய் முடிகிறது என்று சொல்ல முடிவதற்குக் காரணம் இந்த ஏடுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர்கள் பெருகின. உழவுக் குதிரைகள் இறைச்சிக்குப் போயின. 1966-ம் ஆண்டில் அந்தச் சங்கத்தில் புதிதாகப் பதிவான குட்டிகள் மொத்தம் ஒன்பது. ஓர் இனம் முழுவதற்கும் ஒரு வருடத்துக்கு ஒன்பது குட்டிகள்தான்.

குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அந்தக் குட்டி வளர்ந்து தானும் குட்டி போட மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆடு, கோழிபோல் அவசரமாகப் பெருக்க முடியாது. ஆனாலும் இனம் அழியவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் புதிய வளர்ப்பாளர்கள் வந்து சேர, எண்ணிக்கை மெல்ல ஏறியது. இப்போதும் அது அரிய இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஒன்பது குட்டிகளுக்கும் தாய் எது, தந்தை எது என்பது எழுத்தில் இருந்தது. சங்கம் தொடங்கியவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இறந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின் எத்தனையோ பேர் பொறுப்புக்கு வந்து போயிருப்பார்கள். ஏடு மட்டும் கை மாறிக்கொண்டே வந்தது. புதிதாக வந்தவர்களால் எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று பார்த்து முடிவெடுக்க முடிந்தது.

கடல் தாண்டிய கிளையில் நடந்தது

இதே குதிரைக்கு அமெரிக்காவிலும் ஒரு சங்கம் இருந்தது. போருக்குப் பின் அது செயல்படாமல் நின்றுபோனது. 1960-களின் தொடக்கத்தில், உழவுக் குதிரைகளுக்கு மறுபடி கேட்பு வரத் தொடங்கியபோதுதான் மீண்டும் உயிர்பெற்றது. 1970-களிலும் 80-களிலும் அந்தச் சங்கம் ஒரு கடினமான முடிவை எடுத்தது. பெல்ஜியன் என்ற வேறொரு கனரக இனத்தோடு சில கலப்புகளை அனுமதித்தது. கலப்பில் பிறந்த பெண் குட்டிகளை மட்டுமே பதிவுசெய்தது, ஆண் குட்டிகளை ஏற்கவில்லை.

முடிவு சரியா, தவறா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கைவசம் இருக்கும் கால்நடைகள் மிகக் குறைந்தால் எந்தச் சங்கமும் இப்படி ஒரு முடிவை யோசிக்க வேண்டிவரும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 2001 நிலவரப்படி, அமெரிக்க வழியில் வந்த குதிரைகளைப் பிரிட்டிஷ் சங்கம் தன் ஏட்டில் பதிவுசெய்ய அனுமதிக்கவில்லை. ஏற்கெனவே சிறிய இனம், ஏட்டில் இரண்டாகப் பிரிந்து நின்றது. இப்படிப்பட்ட முடிவுகளை நெருக்கடி வந்தபின் எடுப்பதைவிட, நிலைமை நன்றாக இருக்கும்போதே பொதுக்குழுவில் பேசி, விதியாக எழுதி வைப்பது நல்லது.

இன்னொரு செய்தியும் நமக்கு உதவும். இங்கிலாந்தில் இந்த இனத்தின் முக்கியமான ஒரு மந்தை, ஹாலஸ்லி பே என்ற இடத்தில் சிறைத்துறையின் பண்ணையில் இருந்தது. அங்கே அடைக்கப்பட்ட இளைஞர்கள் குதிரைகளைப் பராமரித்தார்கள். பிறகு அந்தப் பண்ணையைத் தொடரச் சிறைத்துறைக்கு விருப்பம் இல்லாமல் போனது. சஃபோக் பஞ்ச் அறக்கட்டளை 2006-ல் அதை வாங்கியதால் மந்தை சிதறாமல் தப்பியது. நம் ஊரிலும் நல்ல காளைகள் ஓர் அரசுப் பண்ணையிலோ, ஒரு கோயிலிலோ, ஒரு பெரிய வீட்டிலோ இருப்பதைப் பார்க்கிறோம். அந்த ஓர் இடம் கைவிட்டால் அடுத்து யார் எடுத்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்குச் சங்கத்திடம் முன்கூட்டியே பதில் இருக்க வேண்டும்.

தலை எண்ணிக்கை போதாது

சங்கத் தலைவர்கள் மேடையில் சொல்லும் கணக்கு பெரும்பாலும் இதுதான்: "நம்மிடம் இத்தனை மாடுகள் இருக்கின்றன." உண்மையில் பார்க்க வேண்டியது, எத்தனை காளைகள் இனப்பெருக்கத்தில் இருக்கின்றன என்பது. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. காளைகளின் எண்ணிக்கையையும் பசுக்களின் எண்ணிக்கையையும் பெருக்குங்கள். அதை 4-ஆல் பெருக்குங்கள். வரும் விடையைக் காளை, பசு இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். கிடைப்பதுதான் இனத்தின் செயல்படும் எண்ணிக்கை.

100 பசுக்களுக்கு ஒரே காளை என்றால் விடை ஏறக்குறைய 4. அதாவது 101 மாடுகள் இருந்தும், மரபு வளத்தைப் பொறுத்தவரை நான்கு மாடுகள் இருப்பதற்குச் சமம். 5 காளைகள் என்றால் 19. 15 காளைகள் என்றால் 52. இந்த எண் 50-க்குக் கீழே போகக் கூடாது என்பது இனப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 50 இருந்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் நெருங்கிய உறவுக் கலப்பு 1 சதவீதம் மட்டுமே ஏறும். 4 இருந்தால் 12.5 சதவீதம் ஏறும். சினை பிடிக்காமை, பிறவிக் குறைபாடு, வலுவில்லாத கன்று ஆகியவை இப்படித்தான் தலைகாட்டத் தொடங்கும்.

போட்டியில் பரிசு வாங்கிய ஒரு காளையையே எல்லோரும் தேடிப் போவது இயல்பு. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் நல்லதாகத் தெரியும் முடிவு, ஊர் முழுவதும் எடுத்தால் இனத்துக்குக் கேடாகும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டி, "இந்த ஆண்டு உங்கள் பசுவுக்கு அந்தக் காளை வேண்டாம், இந்தக் காளை" என்று சொல்லும் துணிவும் நம்பிக்கையும் சங்கத் தலைமைக்கு வேண்டும். ஏடு இல்லாத தலைமையால் அப்படிச் சொல்ல முடியாது. சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

உங்கள் சங்கம் இப்போது செய்ய வேண்டியவை

முதலாவது, பதிவேடு. பிறந்த தேதி, தாய், தந்தை, நிறம், அடையாளம், காதுவில்லை எண், வளர்ப்பவர் பெயர், விற்ற தேதி, வாங்கியவர் பெயர் ஆகியவை போதும். அரசு பொருத்தும் 12 இலக்கக் காதுவில்லை எண்ணையே உங்கள் ஏட்டிலும் எழுதுங்கள். ஏட்டின் பிரதி மூன்று இடங்களில் இருக்கட்டும். செயலாளரிடம் ஒன்று, இன்னோர் ஊரிலுள்ள உறுப்பினரிடம் ஒன்று, கணினியில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பதவி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை என்பதால் பல சங்கங்களில் ஒருவரே தொடர்கிறார். ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பொறுப்பில் இருக்கக் கூடாது என்று உங்கள் துணை விதியில் நீங்களே சேர்க்கலாம். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளரை வைத்து, கையெழுத்து முதல் கணக்கு வரை பழக்குங்கள். விலகும் செயலாளர் ஓராண்டு ஆலோசகராக இருக்கட்டும். அனுபவசாலியை ஒதுக்கிவிட்டதாகவும் இருக்காது, புதியவர் தடுமாறவும் மாட்டார்.

மூன்றாவது, காளைகள். ஐந்து ஆண்டுகளில் எந்தெந்தக் காளை ஓய்வுபெறும், அதற்குப் பதில் எந்தக் கன்று வளர்க்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். உறவில்லாத வழிகளில் வந்த கன்றுகளைக் காயடிக்காமல் வைத்திருக்கும் உறுப்பினருக்குத் தீவனச் செலவில் பங்கு கொடுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் பேசி, ஒவ்வொரு வழியிலிருந்தும் உறைவிந்து எடுத்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கக் கேளுங்கள். சஃபோக் குதிரைக்கு 2020-ல் பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்திப் பெண் குட்டி பெற்றிருக்கிறார்கள். புதிய தொழில்நுட்பம் உதவும். ஆனால் யாருடைய விந்து, எந்தத் தாய்க்கு என்று முடிவுசெய்ய அங்கேயும் ஏடுதான் வேண்டும்.

நான்காவது, பயன்பாடு. சஃபோக் குதிரைகளுக்கு இன்று காட்டில் மரம் இழுப்பது, வண்டி இழுப்பது, கண்காட்சி, சிறிய அளவில் உழவு என்று வேலை இருக்கிறது. வேலையும் வருமானமும் இல்லாத இனத்தைப் பாசத்தால் மட்டும் ஒரு தலைமுறைக்கு மேல் காக்க முடியாது. உங்கள் இனத்துக்கு ஏர், வண்டி, எரு, பால், கன்று விற்பனை ஆகியவற்றில் எது கைகொடுக்கும் என்பதைச் சங்கம் ஆண்டுதோறும் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, இளையவர்கள். கூட்டத்தில் நாற்காலி போடவும் பதாகை கட்டவும் மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் பொறுப்பை 25 வயதுக்காரர் ஒருவரிடம் கொடுங்கள். மந்தை மந்தையாகப் போய்க் கன்றுகளைப் பார்த்து எழுதும்போது, இனத்தின் அடையாளங்களைப் பெரியவர்களிடம் அவர் தானாகவே கற்றுக்கொள்வார்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் இப்படி ஒரு சங்கம் இருந்தால், அடுத்த முறை போகும்போது "எத்தனை உறுப்பினர்கள்?" என்பதோடு "ஏடு எங்கே இருக்கிறது? செயலாளர் வீட்டைத் தவிர வேறு எங்கே பிரதி இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.

முதலில் சொன்ன சங்கம் மறுபடியும் தொடங்கியது. பெரியவர்களை உட்காரவைத்து, நினைவில் இருந்ததை எழுதிக்கொண்டார்கள். எல்லாம் கிடைக்கவில்லை. தந்தை தெரியாத பசுக்கள் நிறைய. அவற்றுக்கு நேரே கோடு போட்டு, இனிப் பிறக்கும் கன்றுகளையாவது விடாமல் எழுதுவது என்று தீர்மானம் போட்டார்கள். இந்த முறை மூன்று நோட்டுகள் வாங்கினார்கள்.