கொழுந்துக் கணக்கும் மேகத்துப் பதிவேடும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் உழைப்பு கூலியாக மாறுவதற்கு முன்னால் எழுத்தாக மாறியாக வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்தெடுத்து, மடுவத்துத் தராசின் முன் வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு முழு நாட்கூலிக்கான முழுப்பேர் விழுந்ததா, பாதிக்கான அரைப்பேர் விழுந்ததா என்பதைத் தீர்மானிப்பது ‘செக்ரோல்’ எனப்படும் பேரேட்டில் கணக்கப்பிள்ளை இட்ட குறியே. தாமஸ் லிப்டன் 1890 இல் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கிய காலத்திலும், புகையிரதம் பதுளை வரை வந்து சேர்ந்த 1924 இலும், எழுபதுகளில் அரசுடைமையான தோட்டங்களின் நிருவாகம் 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போன பின்னரும், உழைப்பு ஒரு பக்கத்திலும் ஏடு மற்றப் பக்கத்திலுமாக இருக்கும் அந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

அதன் மிகக் கொடிய உருவம் ‘துண்டு’ என்ற சீட்டு. ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குப் போக விரும்பும் தொழிலாளியின் பெயரில் ஏறியிருக்கும் கடனைப் புதிய தோட்டத்தார் தீர்த்தால் அவர் விடுவிக்கப்படுவார் என்று பழைய துரை எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம், 1921 இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, கடன் எவ்வாறு இத்தனை ரூபாயாயிற்று, எந்தத் தேதியில் யார் கை அதை ஏற்றிற்று என்று விசாரிப்பதற்குத் தொழிலாளிக்கு மார்க்கமே இருக்கவில்லை; கங்காணியின் வாய்மொழி பிரமாணமாகவும் துரையின் கையொப்பம் அத்தாட்சியாகவும் நின்றன. ஒரு கணக்கேட்டைத் தொட்டவர் யார், எப்போது தொட்டார் என்பதைத் தனியே எழுதி வைக்கும் இரண்டாவது ஏடொன்று வேண்டும் என்பது அன்று நினைத்துப் பார்க்கவும் இயலாத விஷயம். கணினி உலகத்தில் இன்று அந்த இரண்டாம் ஏட்டுக்குக் கணக்காய்வுப் பதிவேடு என்று பெயர்.

தோட்டத்துச் செக்ரோலும் இப்போது கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சில கம்பனிகள் மின்னணுத் தராசையும் கைப்பேசிச் செயலியையும் மலைக்கே கொண்டுவந்துவிட்டன. ஒரு தனிக் கம்பனியின் ஏற்பாட்டை நான் இங்கே சித்திரிக்கவில்லை. இத்தகைய முறைகள் பொதுவாக எப்படி அமைகின்றன என்பதையே சொல்கிறேன். தராசு காட்டிய கிலோ எண் ‘மேகம்’ எனப்படும் தொலைவிலுள்ள சேவையகம் ஒன்றுக்குப் போகிறது. அங்கே, படிகளை வரிசைப்படி நடத்துவதற்கென்றே கூகிள், அமேசன் போன்ற நிறுவனங்கள் வாடகைக்கு விடும் ‘வேர்க்புளோ’ சேவை, முதலில் அந்த எண்ணைத் தொழிலாளியின் இலக்கத்தோடு சேர்த்து, அடுத்துப் பேரா அரைப்பேரா என்று கணித்து, மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதத்தையும், தொழிற்சங்கச் சந்தாவையும், தீபாவளி முற்பணத்தையும் கழித்து, எஞ்சியதை வங்கிக்கு அனுப்புகிறது. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் ‘இதைச் செய்’ என்று கேட்பதற்கு வகுக்கப்பட்ட முறைக்கு ஏபிஐ என்று பெயர். மேற்சொன்ன ஒவ்வொரு படியும் அத்தகைய ஒரு கோரிக்கைதான். மனிதர் ஒருவர் நடுவே புகுந்து ஒரு கழிவு விகிதத்தை மாற்றினாலும், அதுவும் ஒரு கோரிக்கையாகவே உள்ளே போகிறது.

அப்படிப் போன கோரிக்கை பதிவேட்டில் என்ன தடயம் விடுகிறது என்று பார்ப்போம். கேட்டவர் எந்தக் கணக்கின் பெயரில் கேட்டார், எந்தச் செயலைக் கேட்டார், எந்தப் பொருளின் மேல் கேட்டார், எந்த இணைய முகவரியிலிருந்து கேட்டார், அது நிறைவேறியதா மறுக்கப்பட்டதா என்பவை ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். அவற்றோடு நேரமும், வினாடியின் பின்னங்கள் வரை, இருக்கும். ஆனால் அது உலகப் பொது நேரம். பசறையில் மாலை 4.30 மணிக்கு நிறுத்த கொழுந்தின் வரியில் முற்பகல் 11.00 என்று கண்டு, ‘அந்த நேரத்தில் நான் மலையில் அல்லவா நின்றேன்?’ என்று ஒருவர் திகைத்தால், பிழை அவருடையதும் அன்று, பதிவேட்டினுடையதும் அன்று; ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூகிளின் சேவையில் படிவரிசையைத் திருத்தி ஏற்றும் ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பு எண் ஒன்றும் பிறக்கிறது. ஆகவே, சென்ற மாதம் ஈரக் கொழுந்துக்கென்று ஒரு கழிவு புதிதாக நுழைந்திருந்தால், அது எந்தப் பதிப்பில், யார் கணக்கிலிருந்து நுழைந்தது என்பதைத் தேடிப் பிடித்துவிடலாம்.

பிடித்துவிடலாம் என்றேன்; பதிவு அப்போது உயிரோடு இருந்தால். கூகிளின் ஏற்பாட்டில், ஒன்றை உண்டாக்குதல், மாற்றுதல், அழித்தல் ஆகிய நிருவாகச் செயல்களின் பதிவை எவரும் நிறுத்த முடியாது. 400 நாள் அது காக்கப்படுகிறது. ஆனால் தரவைப் படித்தல், எழுதுதல் என்ற வகைச் செயல்களின் பதிவு, ஒரு சில சேவைகள் நீங்கலாக, வாடிக்கையாளர் கேட்டாலொழியத் தொடங்குவதே இல்லை. தொடங்கினாலும், வேறு ஏற்பாடு செய்யாதவரை 30 நாளில் மறைந்துவிடும். அமேசனின் கிளவுட்டிரெயில் என்ற பதிவுச் சேவை தானாகக் காட்டும் வரலாறு 90 நாளுக்கானது. காரணம் செலவுதான்: படிக்கும் செயல்கள் கோடிக்கணக்கில் நிகழ்வதால் அவற்றை எழுதி வைக்கும் இடத்துக்கு வாடகை ஏறுகிறது. சித்திரை மாதச் சம்பளத்தில் விழுந்த குறையை ஆடியில் சங்கத்துக்குச் சொல்லி, அங்கிருந்து தொழில் திணைக்களத்துக்கு எழுதி, விசாரணைக்குத் தேதி வாங்கும் நமது வழக்கத்துக்கு முப்பது நாள் எந்த மூலைக்கு?

படித்தவர் யார் என்ற பதிவு எத்தனை பெறுமதியானது என்பதை 2023 ஆம் ஆண்டு உலகத்துக்குக் காட்டிற்று. அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியிலிருந்து, சீனாவோடு தொடர்புடையதெனக் கருதப்படும் ஒரு கூட்டத்தார், மைக்ரோசொப்டின் பழைய திறவுகோல் ஒன்றைக் கைப்பற்றிப் போலி அனுமதிச் சீட்டுகளை உண்டாக்கி, அமெரிக்க அரசாங்கத்தார் உட்பட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களின் மின்னஞ்சல்களுக்குள் நுழைந்தார்கள். கதவு உடையவில்லை, கடவுச்சொல் தவறவில்லை. ஜூன் 15 ஆம் தேதி இதை முதலில் கண்டுகொண்டவர்கள் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் காவற்பிரிவினர். கண்டது, எந்தச் செயலி எந்த அஞ்சலைத் திறந்தது என்று வரி வரியாக எழுதும் ஒரு பதிவின் வழியாக. அந்தப் பதிவு உயர்ந்த கட்டணம் செலுத்தியவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அதில் வழக்கத்துக்கு மாறான செயலி தென்பட்டால் அறிவிக்கும்படி அவர்கள் தாமே ஒரு விதியை எழுதி, அதற்கு விளையாட்டாக ‘பிக் யெல்லோ டாக்சி’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். மலிவான கட்டணத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பதிவே இல்லாததால் தாமாகக் கண்டுகொள்ளும் வழியும் இருக்கவில்லை. கண்டனம் எழுந்த பின்னர் மைக்ரோசொப்ட் இத்தகைய பதிவுகளை மேலதிகக் கட்டணமின்றித் தரவும், காக்கும் காலத்தை 90 நாளிலிருந்து 180 நாளாக நீட்டவும் இசைந்தது. திருட்டு நடந்ததா என்று அறியும் உரிமையைத் தனி விலை போட்டு விற்பது என்ன நியாயமோ!

அதே ஆண்டில், ஏறக்குறைய அதே மாதங்களில், நம் நாட்டிலும் ஒரு பாடம் நடந்தது. லங்கா அரசாங்க மேகக் கணினியை 2023 ஓகஸ்ட் 26 ஆம் தேதி பணம் பறிக்கும் நச்சுநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் அன்று வரை வந்து சேர்ந்த கடிதங்கள் மீளாமற் போயின. அஞ்சற் சேவையகத்தின் மென்பொருள் பழையது என்பது ஒருபுறமிருக்க, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அந்தக் காலத்துக்கு, இணைப்பினின்றும் பிரித்து வைத்த பிரதி ஒன்றும் இருக்கவில்லை என்பதே பெரிய குறை. தாக்குதல் எட்டக்கூடிய இடத்திலேயே இருந்த பிரதிகளும் அதனோடு சேர்ந்து பூட்டப்பட்டன. பதிவேடுகளின் கதியும் இவ்வாறே ஆகக்கூடும்: கணக்கை மாற்றும் அதிகாரம் உள்ளவரின் கைக்கெட்டும் தூரத்தில் கணக்காய்வுப் பதிவேடும் கிடந்தால், மாற்றியவர் தம் காலடித் தடத்தையும் பெருக்கிவிட்டுப் போகலாம்.

இதற்குத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் கொள்ளும் உபாயம் இரண்டு. பதிவுகள் பிறந்தவுடன், வேறொரு பொறுப்பாளரின் திறவுகோலின் கீழுள்ள தனிக் கணக்குக்கு அவற்றை அனுப்பிவிடுவது ஒன்று. மற்றது சற்று நுட்பமானது. அமேசனின் சேவையில் அதற்கான வசதியை இயக்கினால், மணிக்கொருமுறை அந்த ஒரு மணியின் பதிவுக் கோப்புகள் அனைத்துக்கும் கணிதவழியில் ஒரு சுருக்கக் குறி எடுக்கப்பட்டு, முந்திய மணியின் சுருக்கமும் அதனுள் கோக்கப்பட்டு, இலத்திரனியல் ஒப்பமும் இடப்படுகிறது. இடையில் ஒரு கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் குறி பொருந்தாது. ஒரு மணியையே பிடுங்கி எறிந்தாலும் சங்கிலி அறுந்து நிற்கும்.

இத்தனையும் இருந்தாலும், பதிவேடு அறியாத விஷயம் ஒன்று உண்டு. அது மலையில் நடப்பது. கொழுந்து ஈரமென்றும் படங்கின் எடையென்றும் சொல்லித் தராசடியிலேயே கிலோக்களைத் தள்ளிவிட்டுக் குறைந்த எண்ணையே செயலியில் இட்டால், “நேத்து கூட எடுத்தேனே ஐயா, ஏன் கொறஞ்சிருக்கு?” என்று கேட்பவருக்கு அந்த இரண்டாம் ஏடும் துணை வராது, பொய் எண்ணை மெய்யாகவே வந்ததாக அது பதிந்து வைத்திருக்கும். தராசைச் சோதித்து முத்திரையிடும் பொறுப்பு 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அளவீட்டு அலகுகள் திணைக்களத்தினுடையது. அந்த முத்திரை பழுதானால் மேகத்தில் எத்தனை சங்கிலி கோத்தும் பயனில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021 இல் வர்த்தமானியில் வந்தபின் எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்ற சர்ச்சை தோட்டந்தோறும் எழுந்ததை நினைத்தால், அந்த ஓரிரு கிலோவின் கனம் விளங்கும். இன்னொரு சீர்கேடும் உண்டு. அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்து வேலை செய்தால், பதிவேட்டில் ‘யார்’ என்ற இடத்தில் ஒரே பெயர் நான்கு பேருக்கும் நின்றுகொண்டிருக்கும். இது கற்பனை என்று சொல்ல ஆசைதான். நம் நாட்டு அலுவலகங்களை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

நீதிமன்றத்தில் இத்தகைய பதிவு செல்லுமா என்ற ஐயம் வேண்டாம். கணினி வழிச் சான்றை 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டமும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமும் ஏற்றுக்கொள்கின்றன. இடர் அதைப் பெறுவதில் இருக்கிறது. தகவல் அறியும் சட்டம் பொது அதிகாரசபைகளை நோக்கியது. தனியார் கம்பனியின் சம்பளப் பதிவேட்டை அதைக் கொண்டு எட்டுவது எளிதன்று. தம்மைப் பற்றிய தரவைத் தாமே கேட்டுப் பார்க்கும் உரிமையைத் தருவது 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கியப் பாகங்கள் நடைமுறைக்கு வருவதோ ஒத்திவைக்கப்பட்டு வந்தது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டுமென்பதில்லை. இந்த மாதம் இந்தத் தொழிலாளியின் கணக்கில் தராசிலிருந்து வராமல் கையால் செய்யப்பட்ட திருத்தங்கள் எத்தனை, எந்தெந்தத் தேதிகளில், எந்தப் பதவியிலிருப்பவரால் என்ற இரண்டு வரியைச் சம்பளச் சீட்டின் அடியில் தமிழில் அச்சிடும்படி அவை கேட்கலாம். பதிவேட்டைத் தேடி அந்த விடையை எடுத்துத் தருவது, சீட்டை உண்டாக்கும் அதே வேர்க்புளோவில் இன்னும் ஒரு படியைச் சேர்க்கும் வேலைதான்.