சோறு குழைந்தால் யார் பொறுப்பு? 14 வயது 'லீடர்'தான்!

வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட தானாக மொண்டு குடிக்காத பையன். உட்கார்ந்த இடத்தில் இருந்தே "அம்மா... தண்ணி!" என்று குரல் கொடுப்பான்.

அதே பையன் சாரணர் முகாமுக்குப் போனால், 8 பேருக்குச் சோறு பொங்க ஏற்பாடு செய்ய வேண்டும்! விறகு பொறுக்க ஒருவன், தண்ணீர் எடுக்க ஒருவன், கூடாரம் கட்ட இரண்டு பேர் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அவன்தான் அணித்தலைவன். பையன்கள் பாஷையில் 'லீடர்'!

சாரணர் இயக்கத்தின் அச்சாணியே இந்த அணி முறைதான். ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர். தலைவனும் அவர்களில் ஒரு பையன்தான்.

மல்லுக்கு நிற்பான்

சொன்னால் கேட்பார்களா? அங்கேதான் சிக்கல்!

"நீ என்ன பெரிய ஆளா?" என்று ஒருவன் மல்லுக்கு நிற்பான். மிரட்டினால் முறைத்துக் கொள்வான். கெஞ்சினால் தலையில் ஏறி உட்காருவான். 'லீடர்' தானே முதல் கட்டு விறகைத் தூக்கினால்தான் மற்றவன் எழுந்து வருவான்.

சோறு குழைந்து விட்டால்? மாஸ்டர் ஓட்டலுக்கு ஆள் அனுப்ப மாட்டார். எல்லோரும் அதையேதான் சாப்பிட வேண்டும். 7 பேர் முகத்தையும் பார்த்தபடி 'லீடரும்' சாப்பிடுவான். மறுநாள் தண்ணீர் அளவு தப்பாது!

அடையாறு தந்த வழி

இந்த முறையைச் சோதித்துப் பார்த்தவர் பேடன் பவல். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் முகாம் போட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளும் கலந்து இருந்தனர். 4 அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனே தலைவன்.

1909-ல் சாரணர் படை இந்தியாவுக்கு வந்தது. ஆனால் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும்தான் இடம்!

"நம் பையன்களுக்கு ஏன் கூடாது?" என்ற கேள்வி எழுந்தது. அடையாறில் இருந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1916-ல் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். 1950-ல் எல்லாம் ஒன்றாகி, பாரத சாரணர் இயக்கம் ஆனது. மறு ஆண்டு சாரணியரும் சேர்ந்தனர்.

அன்று கேட்டு வாங்கிய பொறுப்பு அது. இன்று "பாவம், சின்னப் பையன்" என்று பெற்றோரே அதைப் பிடுங்கிக் கொள்ளலாமா?

முகாம் முடிந்து வரும் பையன் வீட்டிலும் தண்ணீரைத் தானே மொண்டு குடிக்கிறானா, பாருங்கள். அம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தால்... அவன் 'லீடர்'தான்!