காய்ந்த பிறகே வெட்டுங்கள்: வீட்டு வேலியில் கார்த்திகைப்பூ வளர்ப்பது எப்படி?

மீள்குடியேறிய இரண்டாவது வருடம், 2012 தை மாதம். மாரி ஓய்ந்திருந்தது. பற்றையாகிப் போயிருந்த எங்கள் வளவைத் துப்புரவாக்கும்போது, வேலியில் பூத்து முடிந்து நின்ற கார்த்திகைப்பூக் கொடிகளையும் அடியோடு வெட்டி எறிந்தேன். பூ முடிந்துவிட்டது, இனி அது எதற்கு என்பதுதான் என் நினைப்பு. அம்மா வந்து பார்த்துவிட்டுச் சொன்னா: "பச்சையாய் நிக்கிற கொடியை ஏன் பிள்ளை வெட்டினனீ? அது இப்பதான் கிழங்கு வைக்குது."

அடுத்த ஐப்பசியில் நூல்போல ஒரேயொரு தளிர் வந்தது. பூக்கவில்லை.

இந்தச் செடியை வளர்ப்பவர்கள் பலரும் செய்யும் பிழை இதுதான். கார்த்திகைப்பூவுக்குத் தண்ணீரும் எருவும் அதிகம் தேவையில்லை. எப்போது அதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

மண்ணுக்குக் கீழே நடப்பது

காந்தள், கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று பல பெயர்கள் இதற்கு உண்டு. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலில் முதலில் வருவது காந்தள்தான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

மழையோடு முளைத்து, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். பூ முதலில் பச்சை கலந்த மஞ்சளாக விரியும். நாட்கள் போகப்போகச் செம்மஞ்சளாகி, கடைசியில் கடுஞ்சிவப்பாகும். பிறகு காய் வைத்து, கொடி மஞ்சளித்துக் காய்ந்துவிடும். கோடை முழுவதும் மேலே எதுவும் தெரியாது.

பலருக்குத் தெரியாத விடயம் ஒன்று உண்டு. முளைவிட்ட பழைய கிழங்கு அந்தப் பருவத்தோடு சுருங்கிப் போகும். அதற்குப் பதிலாகப் புதுக் கிழங்கை உருவாக்குவது இலைகள்தான். பூ முடிந்த பின்னும் கொடி பச்சையாக நிற்கும் அந்த வாரங்களில்தான் அடுத்த வருடத்துக்கான கிழங்கு பருக்கிறது. அப்போது வெட்டினால் அதன் சாப்பாட்டை நிறுத்துகிறோம். கொடி தானாகக் காய்ந்து, மெல்ல இழுத்தவுடன் கையோடு வரும்போது அகற்றுங்கள். இந்தச் செடிக்குத் தேவையான கவாத்து அவ்வளவுதான்.

நடும் முறை

கிழங்கு கலப்பை போல இரண்டு கையாகக் கவைத்திருக்கும். கையின் நுனியில்தான் முளை இருக்கிறது. அந்த நுனி முறிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆகவே அலவாங்கால் குத்திக் கிளறாமல், சுற்றி மண்ணை விலக்கிக் கையால் எடுங்கள்.

புரட்டாதியில், மழைக்கு முன் நடலாம். நான்கு விரல் ஆழத்தில் கிழங்கைப் படுக்கையாக வைத்து மூடுங்கள். மணல் கலந்த, தண்ணீர் வடியும் மண் நல்லது. வெள்ளம் தேங்கும் இடமென்றால் மண்ணை உயர்த்தி வரம்பு கட்டுங்கள், இல்லாவிட்டால் கிழங்கு அழுகிவிடும். மக்கிய மாட்டெரு ஒரு கை போதும்.

இந்தக் கொடி இலை நுனியால் சுருண்டு பிடித்து ஏறும். மொத்தமான தூணை அதனால் பற்ற முடியாது. கம்பி வலை, ஈர்க்கு, மெல்லிய கிளுவைக் கிளை போன்றவைதான் பொருத்தம். தண்டு இலகுவில் முறியும் என்பதால் வளைத்துக் கட்ட வேண்டாம். தளிரின் பக்கத்தில் குச்சியை ஊன்றினால் தானே பற்றிக்கொள்ளும்.

கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் பொட்டும் கொண்ட புழுக்கள் இலையை ஒரேயடியாகத் தின்று தீர்க்கும். காலையில் தேடிப் பொறுக்கி அழியுங்கள். கொடி காய்ந்ததும் அந்த இடத்தில் ஒரு தடியை அடையாளமாக நடுங்கள். கோடையில் அங்கே தண்ணீர் விடவோ கொத்தவோ வேண்டாம்.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது

இந்தச் செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அது அதிகம். கொல்சிசின் என்ற இந்த நஞ்சு உடலில் கலங்கள் பிரிவதைத் தடுக்கிறது. மிகச் சிறிய, அளந்த அளவில் இதே பொருள் கௌட் என்னும் மூட்டுநோய்க்கு மருந்தாகிறது. அதற்காகவே தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காக இதைப் பயிரிடுகிறார்கள். ஆனால் வீட்டில் இதை மருந்தாக்க முயலவே கூடாது.

கிழங்கை வற்றாளை என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டு ஆபத்துக்குள்ளானவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். கிழங்குப் பயிர்களுக்குப் பக்கத்தில் இதை நடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் காய் வெடித்துச் செந்நிற விதைகள் தெரியும் முன்பே காய்களை மட்டும் பறித்துவிடுங்கள். ஆடு மாடு எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும். தொட்ட பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். யாராவது தவறி உட்கொண்டால் வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கும்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். செடியின் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

பூவை மட்டும் பறியுங்கள்

2003 இல் விடுதலைப் புலிகள் இதைத் தேசியப் பூவாக அறிவித்தார்கள். போர் முடிந்த கையோடு இதை வாசலில் வளர்க்கவே பயந்தவர்களை எனக்குத் தெரியும். இன்றும் நவம்பர் 27ஐ அண்டிய நாட்களில், போனவர்களை நினைத்து இந்தப் பூவைத் தேடிப் பலர் பற்றைகளுக்குள் போகிறார்கள். அவசரத்தில் கொடியோடு இழுத்து எடுக்கிறார்கள். கொடி அப்போது பச்சை. அதன் கிழங்கு இன்னும் பருக்கவில்லை. இப்படியே இழுத்தால் சில வருடங்களில் அந்தப் பற்றையில் பூ இருக்காது.

காம்போடு பூவை மட்டும் கிள்ளுங்கள், கொடியை விட்டுவிடுங்கள். கிழங்குக்காகக் காட்டு நிலத்தைக் கிண்டாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடிக்கப்படாத காணிகளில் காலே வைக்க வேண்டாம். அயலவரிடம் ஒரு கிழங்கு வாங்குங்கள், அல்லது விதை போடுங்கள். விதையிலிருந்து பூ வர இரண்டு மூன்று வருடங்களாவது செல்லும்.

எங்கள் வேலிக் கொடி மறுபடி பூக்க மூன்று மாரிகள் எடுத்தன. இப்போது மாசியில் அது காய்ந்து விழுந்த பிறகு அம்மா அந்த இடத்தில் ஒரு பூவரசந்தடியை ஊன்றிவிடுவா. அதைச் சுற்றி மண்வெட்டி போட எனக்கு அனுமதியில்லை.