தோதவரும் நீலகிரிப் புல்வெளியும்

பொதட்டூர்ப்பேட்டையைச் சூழ்ந்த பாறைக் குன்றுகளைக் கண்டு வளர்ந்த நம்மனோர்க்கு, மலைப்புல் என்பது மழை தந்து வெயில் தீய்ப்பதாகத் தோன்றுமேயன்றி, மக்கள் பேணி வளர்ப்பதாகத் தோன்றுதல் அரிது. நீலகிரியின் மேட்டு நிலத்திலோ செய்தி வேறு.

அங்கே ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், பள்ளங்களிற் சோலைக் காடும் சரிவுகளிற் புல்வெளியுமாக நிலம் அமைந்துள்ளது. மரங்களை வெட்டியே மக்கள் இப்புல்வெளியை உண்டாக்கினர் எனச் சிலர் கருதியதுண்டு. ஆயினும், நீலகிரிச் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வொன்று, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்குப் புல் செழித்திருந்ததெனக் காட்டிற்று. ஆதலின், இயற்கை தந்ததைத் தோதவர் கெடாமற் காத்தனர் என்பதே பொருந்தும்.

காத்த முறை யாதெனின், வறண்ட மாதங்களில் முதிர்ந்து காய்ந்த புல்லுக்குப் பகுதி பகுதியாகத் தீயிடுவர். தீயிட்டுக் காப்பதா என வாசகர் வியக்கலாம். புல்லின் வேர் மண்ணுக்குள் இருத்தலின் அழிவதில்லை. ஈரம் மிக்க சோலைக்குள் தீ எளிதிற் புகாது. வெளியில் முளைத்த புதர்க்கன்றுகளே கருகும். மழை விழுந்ததும் எழும் இளந்தளிரை எருமைகள் விரும்பி மேயும். அவ்வறண்ட காலத்திலேயே மந்தையைத் தம் மந்துகளினின்று குந்தா முதலிய ஈரமிக்க பகுதிகட்கு ஓட்டிச் செல்வதால், மந்தையடுத்த புல்லும் இளைப்பாறும். சதுப்பையும் அவர்கள் கெடுத்திலர். பாற்கோயில் வேய்வதற்குரிய புல் அங்கேதான் வளர்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஆங்கிலேயர்க்கு இது வெற்று நிலமாகவே பட்டது. ஆஸ்திரேலியாவினின்று வாட்டில், யூகலிப்டஸ் மரங்களைக் கொணர்ந்து நட்டனர். விடுதலைக்குப் பின்னரும் தோல் பதனிடும் பட்டைக்காகவும், ரேயான் நூலுக்குரிய மரக்கூழுக்காகவும் (நெசவூராராகிய நாம் இதனைக் கருதுதல் தகும்) நடவு பெருகிற்று. எஞ்சிய சரிவுகளைத் தேயிலையும் உருளைக்கிழங்கும் பற்றின. தீயிடுதலும் தடுக்கப்பட்டது. வாட்டிலோ நட்ட இடத்தில் நில்லாது, தானே விதை பரப்பிப் புல்லை மூடிற்று. மேய்ச்சல் குன்றவே எருமைகளும் குன்றின. இவ்விழப்பு தோதவரோடு நிற்பதன்று. மழைநீரை உறிஞ்சிச் சிறிது சிறிதாக விடுவன இப்புல்லும் சதுப்புமே. பைக்காரா மோயாற்றிலும், மோயாறு பவானியிலும் கலத்தலின், ஈரோட்டு வயல்கட்கும் இவற்றிற்கும் உறவுண்டு.

தோதவரும் காலத்திற்கேற்ப மாறியுள்ளனர். காரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுவோர் பலர். எனினும் எருமையை முற்றிலும் விட்டாரல்லர். பாற்கோயிற் சடங்குகட்கு அது வேண்டும். இந்நாளில் வனத்துறையினரே சிற்சில இடங்களில் வாட்டிலை அகற்றி நாட்டுப் புல்லை நட்டு வருகின்றனர். எப்புல் எச்சரிவில் நிற்கும், எது சதுப்பை விரும்பும் என்று கேட்டறிவதற்கு மந்துகளில் மூத்தோர் இன்னும் உளர்.