ஒரே ஒரு பல் கூடினால் என்ன ஆகும் தெரியுமா?

விட்டம் ஒன்றரை சென்டிமீட்டர்கூடத் தேறாத குட்டிப் பற்சக்கரம். சுற்றிலும் 22 பற்கள். அதைக் கழற்றிவிட்டு 23 பல் உள்ளதை மாட்டினால் ஒரு பந்தயக் காரின் போக்கே மாறிவிடும்! நேர்ச்சாலையில் நாலரை சதவீதம் கூடுதல் வேகம் கிடைக்கலாம். மோட்டார் தொட முடியாதபடி கொதிக்கலாம். வேகத்துக்காக மாற்றியவர் முன்னைவிட மெதுவாகச் சுற்றி, கடைசி ஆளாகவும் வந்து சேரலாம். மூன்றும் ஒரே நாளில், ஒரே காரில் நடக்கும் என்றால் நம்புவீர்களா?

கார் என்றதும் நாம் ஏறி உட்காரும் காரை நினைக்க வேண்டாம். இது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார். ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 2003-ல் டிடி-01 என்று ஒன்றை விட்டது, 2013-ல் டிடி-02. இரண்டும் குறைந்த விலை டூரிங் கார்கள். நான்கு சக்கரங்களுக்கும் தண்டு வழியாகச் சக்தி போகும். பெட்டியைப் பிரித்து நீங்களேதான் பூட்ட வேண்டும். உலகம் முழுக்க ரிமோட் கார் பந்தயத்துக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் நுழையும் வாசல் இதுதான். இந்த நிறுவனத்தின் பிடிவாதத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். 1976-ல் வந்த அவர்களுடைய முதல் ரிமோட் கார் போர்ஷே 934. அந்த மாடலைச் சரியாகச் செய்வதற்காக நிஜ போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டுப் பார்த்தார்களாம்! பொம்மைக்காக போர்ஷேயைப் பிரித்தவர்கள் பல் எண்ணிக்கையில் மட்டும் அசட்டையாக இருப்பார்களா?

சரி, பல்லுக்கு வருவோம். மோட்டாரின் முனையில் இருக்கும் சின்னச் சக்கரம் பினியன். அது கடிக்கும் பெரிய பிளாஸ்டிக் சக்கரம் ஸ்பர். டிடி-02 பெட்டியில் வருவது 22 பல் பினியன், 70 பல் ஸ்பர். 70-ஐ 22-ஆல் வகுத்தால் 3.18. வண்டிக்குள்ளேயே மாற்ற முடியாத இன்னொரு குறைப்பு 2.6 இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 8.27. அதாவது மோட்டார் எட்டே கால் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டயரின் விட்டம் 64 மி.மீ. என்றால் சுற்றளவு 201 மி.மீ. வகுத்துப் பாருங்கள்: மோட்டாரின் ஒரு சுற்றுக்குக் கார் நகர்வது 24 மி.மீ.தான், ஓர் அங்குலம்கூட இல்லை! ஆனால் அந்த மோட்டார் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த அங்குலத்துக்கும் குறைந்த நகர்வுகள் எல்லாம் கூடி மணிக்கு 22 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது.

இப்போது மூத்தவனான டிடி-01-ஐ எடுங்கள். பெட்டியில் வருவது 61 பல் ஸ்பர், 19 பல் பினியன், அதே 2.6 உள்குறைப்பையும் சேர்த்தால் விகிதம் 8.35. அதைக் கழற்றி 55 பல் ஸ்பரும் 25 பல் பினியனும் போட்டால் 5.72. அதே மோட்டார், அதே பேட்டரி, அதே டயர். கணக்குப்படி வேகம் 22-லிருந்து 31 கிலோமீட்டரைத் தாண்டுகிறது! மோட்டாரில் ஒரு கம்பிகூடத் தொடவில்லை. செலவும் பற்சக்கரங்களின் விலைதான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் ஒளிந்திருக்கிறது. விலை உயர்ந்த பந்தயக் கார்களில் மோட்டாரை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்தப் பல்லுக்கும் பொருத்திக்கொள்ளலாம். டிடி-01 என்ற இந்த மலிவுக் காரில் மோட்டார் திருகுகளுக்குத் துளை போட்ட இடம் போட்ட இடம்தான். அப்படியிருக்க எப்படி மாற்றுகிறார்கள்? கூட்டிப் பாருங்கள். 61-ம் 19-ம் 80. இடையில் இன்னொரு ஜோடி உண்டு: 58-ம் 22-ம். அதுவும் 80. 55-ம் 25-ம்? அதுவும் 80! ஒரு பக்கம் மூன்று பல் குறைத்தால் மறுபக்கம் மூன்று பல் கூட்டிவிடுகிறார்கள். இந்தப் பற்களின் அளவு 0.6 மாட்யூல், அதாவது ஒரு பல்லுக்கு 0.6 மி.மீ. விட்டம். ஆகவே மூன்று ஜோடிகளிலும் இரு சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் அச்சு மாறாமல் 24 மி.மீ. மோட்டார் அசைய வேண்டியதே இல்லை.

61, 19 இரண்டும் பகா எண்கள் என்பதைக் கவனித்தீர்களா? அதனால் பினியனின் ஒரு குறிப்பிட்ட பல், ஸ்பரின் ஒரு குறிப்பிட்ட பல்லைக் கடித்தபின் அதே பல்லை மறுபடி சந்திக்கப் பினியன் 61 முழுச் சுற்று சுற்றியாக வேண்டும். ஒரு பல்லில் சின்னக் குறை இருந்தாலும் அது எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். இந்த உத்தி கியர் பொறியாளர்களுக்குப் பழைய பாடம். 55-க்கும் 25-க்கும் 5 பொதுக் காரணி. அங்கே அதே ஜோடி 11 சுற்றிலேயே திரும்பச் சந்தித்துவிடும். வேக கியர் போட்டவர்கள் ஸ்பரை அடிக்கடி உற்றுப் பார்ப்பது நல்லது.

எல்லாம் இவ்வளவு சுலபம் என்றால் எல்லோரும் 25 பல்லையே மாட்டிக்கொண்டு போய்விடலாமே? அங்கேதான் மோட்டார் குறுக்கே வந்து நிற்கிறது. மின்மோட்டார் சுழலும்போதே தனக்கு வரும் மின்சாரத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்ளும். வேகமாகச் சுற்றும்வரை அந்த எதிர்ப்பு பலமாக இருக்கும். பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம்தான் உள்ளே வரும். பினியனைப் பெரிதாக்கியதும் சுமை ஏறி மோட்டார் திணறுகிறது, சுற்று குறைகிறது, எதிர்ப்பு விழுகிறது, மின்சாரம் மடை திறந்தாற்போல் பாய்கிறது. மின்சாரம் இரண்டு மடங்கானால் கம்பிச் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு! கம்பி சூடானால் அதன் மின்தடையும் ஏறும். 25 டிகிரியில் இருந்த தாமிரக் கம்பி 75 டிகிரிக்குப் போனால் தடை ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருக்கும். சூடு சூட்டை வளர்க்கிறது. இந்த வகை மோட்டார் தன் அதிகபட்ச சக்தியைத் தருவது, சுமையில்லாமல் சுற்றும் வேகத்தின் பாதியில். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்த நிலையில் உள்ளே போகும் மின்சக்தியில் பாதியாவது வெப்பமாகவே போய்விடுகிறது.

அடுத்து பலியாவது காந்தம். பிரஷ் இல்லாத மோட்டார்களுக்குள் சுழல்வது நியோடிமியம் காந்தம். அதன் சாதாரண ரகம் 80 டிகிரி தாண்டினாலே பலத்தை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். மோட்டார்களுக்கென்று இன்னும் சூடு தாங்கும் ரகங்கள் உண்டுதான், அவற்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதனால்தான் பந்தயக்காரர்களின் பெட்டியில் திருப்புளிகளுக்கு நடுவே அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கிடக்கும். ஐந்து நிமிடம் ஓட்டு, நிறுத்து, மோட்டாரின் சூட்டைப் பார். 70, 80 டிகிரியைத் தொட்டால் ஒரு பல் குறை. சில்லென்று இருந்தால் ஒரு பல் கூட்டு. கியர் பிடிக்க இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன்.

இன்னொரு தலைகீழ் விஷயம். மெதுவான மோட்டாருக்குத்தான் வேகமான கியர் தேவை! மோட்டாருக்குள் கம்பி எத்தனை சுற்று சுற்றப்பட்டிருக்கிறதோ அதுவே அதன் பெயர். சுற்று குறையக் குறைய வேகம் கூடும். 17.5, 21.5 சுற்று உள்ள அடக்கமான மோட்டார்களைப் பந்தயத்தில் சாதாரணமாக 4-க்குப் பக்கத்து விகிதத்தில் ஓட்டுகிறார்கள். நான்கைந்து சுற்றே உள்ள முரட்டு மோட்டாருக்கோ 7, 8 வேண்டியிருக்கும். கியர் சைக்கிளில் மேடு ஏறுகிறவர் முன்னால் சின்னப் பற்சக்கரத்துக்கு மாறுவதுபோல, முரட்டு மோட்டாரும் தன் சுற்றை உந்துவிசையாக மாற்றிக்கொள்கிறது.

மலிவுக் கார்க்காரர் இந்த இடத்தில்தான் சுவரில் முட்டுகிறார். டிடி-02-ல் விகிதம் 4 வேண்டுமென்றால் 70 பல் ஸ்பருக்கு 45, 46 பல் பினியன் போட வேண்டும்! அதற்கு மோட்டார் ஏறக்குறைய 7 மி.மீ. விலகி உட்கார வேண்டும். சட்டகம் இடம் தராது. அதனால்தான் நகர்த்தக்கூடிய மோட்டார் தாங்கி, சிறிய ஸ்பர், நுண்ணிய பற்கள் என்று உதிரிபாகச் சந்தையே ஒன்று முளைத்திருக்கிறது. ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டு முடிக்கும்போது, முதலிலேயே நல்ல பந்தயக் கார் வாங்கியிருக்கலாமே என்று மனைவி கேட்பார். நியாயமான கேள்வி.

வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பற்களில் மில்லிமீட்டர் கட்சி, அங்குலக் கட்சி என்று இரண்டு உண்டு. 64 பிட்ச் என்ற அங்குல அளவைக் கணக்கிட்டால் 0.397 மாட்யூல், மில்லிமீட்டர் கட்சியின் 0.4-க்கு முடியிழை தூரம். ஆனால் 48 பிட்ச் என்பது 0.53. பார்வைக்கு நம் 0.6-க்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாட்டி ஓட்டினால் பிளாஸ்டிக் ஸ்பர் மாவாகிவிடும்.

பற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை, மோட்டார் நகரும் கார்களில் எதைக் கொண்டு அளக்கிறார்கள் தெரியுமா? ஒரு துண்டுக் காகிதத்தால்! காகிதக் கீற்றைப் பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே விட்டு, அழுத்தி, திருகை முடுக்கி, காகிதத்தை உருவிவிடுகிறார்கள். இந்த நாட்டு வைத்தியம் பலிப்பதற்குக் காரணம் பல்லின் வளைவு. இன்வால்யூட் எனப்படும் இந்த வளைவைப் பற்களுக்கு ஏற்றதாக 18-ம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தவர் கணித மேதை ஆய்லர். மையங்கள் மயிரிழை விலகினாலும் இந்த வளைவில் வேக விகிதம் மாறாது.

காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 15,000 சுற்று என்றால் நொடிக்கு 250. ஒவ்வொரு சுற்றிலும் 22 பல் கடிக்கிறது. நொடிக்கு 5,500 கடி! பியானோவின் கடைசிக் கட்டையின் சுருதி 4,186 ஹெர்ட்ஸ்தான். அதையும் தாண்டிக் கீச்சிடுகிறது இந்தக் குட்டிக் கார். கிறீச்சென்ற சத்தம் திடீரென்று கரகரப்பாக மாறினால் ஏதோ ஒரு பல் போய்விட்டது என்று அர்த்தம்.

வேகத்துக்கு எல்லை எங்கே? 2014-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நிக் கேஸ் என்பவரின் பேட்டரி ரிமோட் கார் மணிக்கு 325.12 கிலோமீட்டர் தொட்டுக் கின்னஸில் ஏறியது. ஆனால் அது ஒரே நேர்கோட்டில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. நம் டூரிங் கார் ஓடும் தடத்தில் நேர்ப்பகுதி சில நொடிகளில் முடிந்துவிடும், வளைவுகளோ வரிசை கட்டி நிற்கும். உச்ச வேகத்தைத் தொடுவதற்குள் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வந்துவிட்டால் அந்த உச்ச வேகத்தால் என்ன பயன்? பெரிய பினியன்காரர் வளைவிலிருந்து எழுந்து வருவதற்குள் சின்னப் பினியன்காரர் அடுத்த வளைவில் இருப்பார். முதலில் சொன்ன அந்தக் கடைசி இடத்தின் ரகசியம் இதுதான். நேர்ப்பகுதி முடியும் இடத்தில்தான் மோட்டார் தன் முழுச் சுற்றை எட்ட வேண்டும். அங்கே போவதற்கு முன்பே கத்த ஆரம்பித்தால் ஒரு பல் கூட்டலாம், கத்தவே இல்லையென்றால் குறைக்கலாம்.

சில பந்தயங்களில் இந்த வம்பே வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரே மோட்டார், ஒரே கியர் விகிதம் என்று விதி வைத்துவிடுவார்கள். அங்கே பற்களைத் தொட முடியாது. ஆனால் டயர்? 64 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. கூடினாலோ தேய்ந்தாலோ ஒரு சுற்றுக்குக் கார் போகும் தூரம் 1.6 சதவீதம் மாறும். 70 பல் ஸ்பரில் ஒரு பல்லைக் குறைத்தாலே 1.4 சதவீதம்தான் மாறுகிறது! புத்தம் புது டயரோடு வருகிறவர், விதியை மீறாமலே, ஸ்பரில் ஒரு பல்லுக்கு மேல் சம்பாதித்துக்கொண்டுதான் வருகிறார்.