பள்ளிக்கு முந்திய ஆண்டுகள்

ஆறு வயதில் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகள் யாவரும் ஒரே நிலையிலிருந்து கல்வியைத் தொடங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலானோரில் 67.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. 2015–16இல் இது 58.6 சதவீதமாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை எளிதில் சோர்வுறும். அதன் கவனமும் நிலைப்பதில்லை. ஆசிரியரோ அதனை மந்த புத்தி என்று கருதிவிடக்கூடும்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், உணவு, தடுப்பூசி, மருத்துவச் சோதனை, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒன்றாக இணைத்தது. இது பெரும் முன்னேற்றமே. எனினும், அங்கன்வாடிக்கு வந்து சூடான உணவு உண்பவர்கள் மூன்று வயது நிரம்பியவர்கள். அதற்கும் இளைய குழந்தைகளுக்கு உணவுப் பொருள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்படுகிறது. வறிய குடும்பத்தில் அது எல்லோருக்கும் பங்கிடப்படுவது இயல்பே. தாயைக் குறை கூறிப் பயனில்லை. ஆனால், இரண்டு வயதிற்குள்ளாகவே மூளை தன் முழு அளவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது!

தாய் கூலி வேலைக்குச் செல்லும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுவதும் உண்டு. அவ்வாறு இருவர் கல்வி கெடுகிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்பை வழிகாட்டும் கோட்பாடாகவே விட்டுவைத்தது. பகல்நேரக் காப்பகங்களுக்கு ஆகும் செலவைக் கல்விச் செலவாகவே கணக்கிடுதல் பொருந்தும்.