காலை எடுத்தால் காசு உண்டு, காப்பாற்றினால்?

"சார், சுகர் இருக்கா?"

"காபியிலா, உடம்பிலா?"

காபியில் இருந்தால் கவலையில்லை. உடம்பில் இருந்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டின் பேனா நின்றுவிடும். சிலர் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கட்டத்துல 'இல்லை'ன்னு போட்டுடலாம் சார்... யாரு கேக்கப் போறா?" என்பார்கள்.

கேட்பார்கள்! நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு கேட்பார்கள். 'பத்து வருஷமாகச் சர்க்கரை' என்று கேஸ் ஷீட்டில் டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும். 'உண்மையை மறைத்துவிட்டார்' என்று க்ளெய்ம் திரும்பி வந்துவிடும்.

இது ஏதோ நாலு பேர் சமாசாரம் இல்லை. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடீஸ் ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. பி.பி., ஆஸ்துமா, கிட்னி எல்லாம் தனிக் கணக்கு.

கம்பெனிக்காரர்களிடம் ஒரு நியாயம் உண்டு. எரிகிற வீட்டுக்கு எவனாவது இன்ஷூரன்ஸ் தருவானா? பி.காம். படித்த எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால், சர்க்கரை நோயாளி எரிகிற வீடு இல்லை. அடுப்பு எரிகிற வீடு! ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் எத்தனையோ வருஷம் பத்திரமாக இருக்கும்.

இந்த நியாயத்தை நோயாளிகள்தான் கத்திக் கத்திப் புரியவைத்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை இன்ஷூரன்ஸில் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்தது. அதே வருஷம், உடல் நோய்க்கு உண்டென்றால் மன நோய்க்கும் உண்டு என்றது இன்னொரு சட்டம். 'பரம்பரை வியாதி' என்று பணம் தர மறுத்த கம்பெனிக்கு எதிராக ஓர் இதய நோயாளி கோர்ட் படி ஏறினார். 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

2024-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமும் கொஞ்சம் இறங்கி வந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 48 மாதம் என்றிருந்தது 36 ஆனது. இடைவிடாமல் ஐந்து வருஷம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, 'மறைத்தார்' என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருஷம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது.

எல்லாம் சரி... ஓட்டை எங்கே?

வழக்கமான பாலிசி, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வாய் திறக்கும். மாசாமாசம் வாங்கும் இன்சுலின், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் உங்கள் பர்ஸ். புண் முற்றிக் காலை எடுக்க வேண்டி வந்தால் லட்சக்கணக்கில் தருவார்கள். அந்தக் காலைக் காப்பாற்றும் மாத்திரைக்குப் பைசா கிடையாது! அறத்தை விடுங்கள், கணக்காகப் பார்த்தாலும் இது நஷ்ட வியாபாரம் இல்லையா?

இந்த விஷயத்தில் அரசாங்கம் முந்திக்கொண்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்ச ரூபாய் காப்பீடு தரும் திட்டத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. சரி, 40 வயதில் சர்க்கரை வந்த நடுத்தர வர்க்கத்துக்காரர்? ஏழைத் திட்டத்துக்குச் சம்பளம் அதிகம், பிரீமியத்துக்குச் சம்பளம் கம்மி. இன்னும் 30 வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

கேட்க வேண்டியது இரண்டுதான். ஒன்று, நாள்பட்ட நோய்க்கான மாத்திரையும் பரிசோதனையும் சாதாரண பாலிசியிலேயே சேர வேண்டும். இரண்டு, நோயைக் காட்டி ஏற்றும் கூடுதல் பிரீமியத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும்.

அதுவரை, விண்ணப்பத்தில் உண்மையையே எழுதுங்கள். பிரீமியத்தை ஒரு வருஷம்கூட விடாதீர்கள். க்ளெய்மை மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையா, பதில் திருப்தியில்லையா? ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கம்பெனிகள் தானாக இளகியதாகச் சரித்திரம் இல்லை. பத்துக் கோடிப் பேர் ஒன்றாகக் கேட்டால், காது கேட்காத கம்பெனிக்கும் கேட்கும்!